இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்தது

“அண்ணியை மலடின்னு சொல்றதுக்கு முன்னாடி என் எலிங்களை ஒருதடவை வந்து பாரும்மா!”

“சீ! மருமகளையும் எலியையும் ஒரே தராசிலயா வைக்கிறே?”

பக்கத்து வீட்டில் சண்டை சூடுபிடித்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டேன். தாளிக்கிற சத்தத்தில் பாதி வசனம் வீணாகிறது.

கத்தியவள் அந்த வீட்டுப் பெண். ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவள், தெருவுக்கு எலிக்காரி. அவள் அண்ணன் பழத்தோட்டங்களுக்குப் பூஞ்சை மருந்து அடிப்பவர். முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறதாம். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. மனைவியை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவருக்கு வேறு பெண்ணைக் கட்டிவைப்பதாக அம்மா முடிவு செய்திருந்தார்.

“அண்ணன் அடிக்கிற அதே மருந்தைத்தான் ஆண் எலிங்களுக்குத் தீனியில கலக்கிறோம். நிறைய தின்னதுக்கெல்லாம் விந்தணு பாதிகூட இல்ல. ஜோடி சேர்த்தாலும் குட்டி இல்ல.”

“நான் என்ன மருந்தைத் தின்னுட்டா இருக்கேன்?” என்றார் அண்ணன்.

“தின்னலை. தினமும் அதுல குளிக்கிறே. போய் ஒரு சோதனை பண்ணிக்கோ.”

“சோதனையா? எனக்கா?”

“அதெல்லாம் வேண்டாம். புதுசா ஒருத்தி வந்தா யார்கிட்ட கோளாறுன்னு தானா தெரிஞ்சிடும்,” என்றார் அம்மா.

எலிக்காரி சட்டென்று தணிந்தாள். “அது சரிதான். நாங்களும் அப்படித்தான் செய்வோம். மருந்து தின்ன ஆணுக்கு வேற பெட்டையைச் சேர்ப்போம். ஆனா, பழைய பெட்டைக்கும் மருந்து படாத ஆண் ஒண்ணைச் சேர்ப்போம். ஒரு பக்கம் மட்டும் மாத்திப் பார்த்தா முடிவு செல்லாதும்மா.”

“அடிப்பாவி!”

நான் ஜன்னலில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன். விழுந்துவிடாமல் இருக்கத்தான்.

ஏழு வருடமாகக் குரல் உயர்த்தாத மருமகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். “நியாயமாத்தான் படுது அத்தை. எனக்குச் சம்மதம்.”

அண்ணன் முகம் வெளுத்தது. “ஏய், நான் வேணா நாளைக்கே சோதனைக்குப் போறேன்.”

“வேணாங்க. அதுக்குத்தான் ஏழு வருஷம் இருந்ததே.”

அந்த மாதமே கிளம்பிவிட்டாள். விவாகரத்து முடிந்ததும் வேறு ஊரில் ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் குழந்தை. அண்ணனுக்குப் பார்த்த மூன்று இடமும் தட்டிப்போயின. விசாரிக்க வந்தவர்களிடம் எலிக்காரி எதையும் ஒளிக்கவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்த நேரங்களில் நானும் ஒளிக்கவில்லை. கடைசியில், இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு அவர் அவளுடைய ஊருக்கே போய்விட்டார். அம்மாவும் கூடவே போனார். பேரப்பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.