வின்ஸின் வாயில் விழுந்தது

கிளெண்டா கண்ணாடி முன் நின்று, மிச்சமிருந்த நரைமுடியை முள்முள்ளாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்துத் தடவினால்தான் அது நிற்கும். கடையில் விற்கிற களிம்பெல்லாம் வங்கிக் குமாஸ்தாக்களுக்கானது என்பது அவளுடைய பதினேழு வயதுக் கொள்கை. இப்போது வயது அறுபத்தைந்து. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் முப்பது வருஷம் அவள் மசித்துப் போட்ட உருளைக்கிழங்கைக் கொட்டினால் ஹம்பர் ஆற்றையே தூர்த்துவிடலாம். இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தக் கிழங்கால்தான் அகலமாக வளர்ந்தார்கள்.

"எழவுக்குப் போறியா, குளவிக்கு விருந்து வைக்கப் போறியா?" என்றான் அவள் புருஷன் கிளைவ்.

"ரெண்டும்தான். நீ உன் ஷூவத் தொடச்சுக்கோ."

"நெசமாவே வின்ஸோட அக்காகிட்ட சொல்லப் போறியா?"

"நாப்பத்தெட்டு வருஷமா முழுங்கிட்டு இருக்கேன் கிளைவ். இன்னிக்கு விட்டா எப்ப?"

விஷயம் இதுதான். அந்தக் காலத்துப் பங்க் ராக் கச்சேரியில் கைதட்டுவது அவமரியாதை. பாட்டு பிடித்தால் பாடுகிறவன் மேல் காறித் துப்ப வேண்டும்; ரொம்பப் பிடித்தால் ரொம்பத் துப்ப வேண்டும். 'திரிந்த பால்' என்ற குழு பாடி முடித்த அரங்கை இறைக்கத் தீயணைப்பு வண்டி வந்ததென்று கிளெண்டா இன்றைக்கும் சத்தியம் செய்வாள். அதன் பாடகன் வின்ஸ் தர்க்கெல், பகலில் மீன் ஆலையில் செதில் சுரண்டுகிறவன். கித்தாரில் அவனுக்குத் தெரிந்தது இரண்டரை சுரம். அவன் மேடையேறினால் மூன்று தெருப் பூனைகள் அரங்க வாசலில் வந்து உட்காரும்.

ஒரு நாள் கச்சேரியில் முதல் வரிசையில், சோடாபுட்டிக் கண்ணாடியோடு, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத கிளெண்டா நின்றிருந்தாள். 'உன்னை எவனும் பார்க்கலைன்னா நான் பார்க்கிறேன்' என்று ஒரு வரி வந்தது. வின்ஸ் அதை அவளைப் பார்த்தே பாடினான். அவள் அடிவயிற்றிலிருந்து திரட்டித் துப்பினாள். அவன் உச்சஸ்தாயிக்காக வாயைத் திறந்த நேரம் அது. நேரே உள்ளே போனது. விழுங்கினான். கண்ணடித்தான். கிளெண்டாவின் வாழ்க்கையில் அதற்குப் பிறகு ஒரு கல்யாணமும் இரண்டு பிரசவமும் நடந்திருக்கின்றன. அந்தக் கண்ணடிப்புக்கு எதுவும் பக்கத்தில் வரவில்லை.

சில வாரம் கழித்து உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. வின்ஸுக்கு மஞ்சள் காமாலை; காரணம், ரசிகர் ஒருவரின் எச்சில். குழுவின் அமெரிக்கப் பயணம் ரத்து. அதன்பின் அவன் ஊரைத் தாண்டவேயில்லை. மதுக்கடை மூலைகளில் பாடினான், அரை ஈரலோடு. ஒரு கச்சேரி விடாமல் கிளெண்டா போனாள். கதவோரமாக நிற்பாள். உதட்டை இறுக்கி மூடியபடி.

கல்லறைத் தோட்டத்தில், இறக்குவதற்குத் தயாராகக் குழியோரம் வின்ஸின் சவப்பெட்டி இருந்தது. கருப்புத் தோல் சட்டைக்குள் தொப்பையை அடக்கிய கிழவர்கள் அறுபது பேர் நின்றார்கள். வின்ஸின் அக்கா மேவிஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிளெண்டா அவள் முன்னால் குனிந்தாள். இரண்டு குளவிகளும் கூடவே குனிந்தன.

"அம்மா, அந்தக் காமாலை... அது என் எச்சில். நான்தான் உங்க தம்பியக் கெடுத்தேன்."

மேவிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காலைலேருந்து நீ பதினொண்ணாவது ஆளு, கண்ணு."

"என்னது?"

"அதோ அந்த வழுக்க, போலீஸ்ல இருந்தவன், தேம்பித் தேம்பி அழுதான். தான்தானாம். எச்சிலும் இல்ல, மண்ணும் இல்ல. பிரிட்லிங்டன் கடக்கரைல வெயில்ல கெடந்த சிப்பிய ஒரு வாளி தின்னான், என் தம்பி எருமை. பத்திரிகைக்காரன்கிட்ட எச்சில்னு சொன்னதே அவன்தான். சிப்பி தின்னு படுத்தான்னா பங்க்குக்கு அசிங்கமாம். மிச்ச ஈரல பீர் பாத்துக்கிச்சு."

கிளெண்டாவுக்கு நிம்மதி வரவில்லை. அவளுக்கும் வின்ஸுக்கும் இடையே இருந்த ஒரே சொத்து அந்தக் குற்றம். அதையும் ஒரு வாளிச் சிப்பி கொண்டுபோய்விட்டது.

மேவிஸ் கண்ணைச் சுருக்கினாள். "ஆமா, கதவோரமா நிப்பியே, கண்ணாடிக்காரி, அது நீதானா?"

"ஆமாம்மா."

"மொத வரிசைல நின்னு மழையாப் பொழிஞ்சவ, இப்பல்லாம் வாயவே தொறக்க மாட்டேங்கறா, என் பாட்டு அவ்ளோ மட்டமாப் போச்சா, அக்கான்னு சாகற வரைக்கும் கேட்டுட்டே இருந்தான்."

கிளைவ் கிளெண்டாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

பாதிரியார் கடைசி ஜெபத்தை அவசரமாக முடித்துவிட்டு, மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே குடையை விரித்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போனார். அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்: மலர் வேண்டாமென்று வின்ஸ் எழுதி வைத்திருந்தான். என்ன வேண்டுமென்றும் எழுதியிருந்தான்.

கிழவர்கள் வரிசையில் வந்தார்கள். அப்போதுதான் சங்கடம் தெரிந்தது. ஒருவருக்கும் எச்சில் ஊறவில்லை. ரத்த அழுத்த மாத்திரை அறுபது வாய்களையும் சகாராவாக்கி வைத்திருந்தது. போலீஸ்காரர் காறினார், கனைத்தார், இருமினார், காற்றுதான் வந்தது.

"துப்பக்கூட வக்கில்லாத பயலுகளா!" என்று மேவிஸ் கைப்பையிலிருந்து ஒரு பெரிய ஜாடியை எடுத்தாள். வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம். "ஆளுக்கு ஒண்ணு. முழுங்காதீங்க, மெல்லுங்க."

ஜாடி கைமாறி வந்தது. கிளெண்டா ஒன்றைக் கடித்தாள். காதுக்குக் கீழே சுரீரென்று இழுத்தது. நாக்கினடியில் ஊற்று திறந்தது.

"கிளைவ், கைக்குட்டைய நீட்டு."

மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி அதில் வைத்தாள். கிளைவ் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். கைக்குட்டையில் பற்கள் இளித்தன. கிளெண்டா குழியருகே முதல் ஆளாகப் போய் நின்றாள். முள்முள்ளாக நின்ற முடியைச் சுற்றிக் குளவிகள் பறந்தன. கால்களை அகட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அடிவயிற்றிலிருந்து திரட்டினாள்.

ஹம்பரிலிருந்து வீசிய காற்று ஒரு கணம் நின்றது.