சரிசெய்த கண்

பள்ளி அடையாள அட்டைக்கு மகளைப் படமெடுக்க வந்த அம்மா, ஸ்டூலில் அவளை உட்கார வைக்கும்போதே போட்டோக்காரருக்கு ஜாடை காட்டிவிட்டாள். மூன்று வருடமாக இதே வேலைதான். பிள்ளையின் வலது கண் வெளியே தள்ளியிருக்கும். அவர் இடது கண்ணை நகலெடுத்து, திருப்பி, அங்கே ஒட்டிவிடுவார்.

"இந்த வருஷம் ரொம்பத் தள்ளிட்டு நிக்குதேம்மா. எனக்கு வேலை ஜாஸ்தி" என்று சிரித்தார்.

கவுண்டரில் இருந்த அவர் மனைவிக்கு இரண்டு கண்களுமே பிதுங்கியிருக்கும். தெரு அவளுக்கு வைத்த பெயர் முட்டைக்கண்ணி. கட்டியவரும் அப்படித்தான் கூப்பிட்டார், வெட்கமில்லாமல்.

"எனக்கு தைராய்டுக்கா. ரெண்டு கண்ணும் சேர்ந்து வந்துச்சு, மாத்திரை சாப்பிடறேன். பாப்பாவுக்கு ஒரு கண்ணு மட்டும் தள்ளுது. டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா."

"உன் மூஞ்சிய முதல்ல கண்ணாடில பாரு. என் பொண்ணை உன்கூட சேக்காத!"

போட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முட்டைக்கண்ணி தலையைக் குனிந்தபடி படங்களைக் கவரில் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு மாதத்தில் மகள் படிக்கட்டில் உருண்டாள். வலப்பக்கம் எதுவும் தெரியவில்லை என்றாள். அதற்குப் பிறகுதான் கண் மருத்துவரின் நினைப்பு வந்தது.

"எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டார் மருத்துவர். "பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

மூன்று வருடம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. "ஒரு மாசமாத்தான் டாக்டர்" என்று கூசாமல் சொல்லி, கைப்பையிலிருந்த மூன்று படங்களையும் நீட்டினாள். எல்லாவற்றிலும் இரண்டு கண்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன.

மருத்துவரின் முகம் மாறியது. "பெரியவங்களுக்குன்னா முதல்ல தைராய்டான்னு பாப்போம். குழந்தைக்கு ஒரு கண்ணு, அதுவும் ஒரே மாசத்துல இவ்வளவு தள்ளுதுன்னா, கண்ணுக்குப் பின்னாடி வேகமா வளர்ற புத்துநோயா இருக்கலாம். உயிருக்கே ஆபத்து."

"பொய் சொல்லிட்டேன் டாக்டர்! மூணு வருஷமா இருக்கு. படத்துல திருத்தச் சொன்னதே நான்தான்!"

அம்மா போனில் கெஞ்ச, ஸ்கேன் முடிவதற்குள் முட்டைக்கண்ணி திருத்தாத படங்களைக் கொண்டுவந்தாள். "அழிச்சிடுன்னு சொன்னீங்க. எனக்குத்தான் மனசு வரலைக்கா."

மருத்துவர் ஸ்கேனையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "மெதுவா வளர்ற கட்டி. உயிருக்கு பயமில்ல. ஆனா பார்வை நரம்பு போயிடுச்சு. இந்த முதல் படம் எடுத்தப்பவே வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்."

"நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு மறைச்சேனே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கண்ணு பிதுங்கினா அது அசிங்கம் இல்லக்கா, நோய்" என்றாள் முட்டைக்கண்ணி. "நாலு பேர்கிட்ட மறைச்சீங்க, சரி. டாக்டர்கிட்டயுமா மறைப்பாங்க?"

மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அழாதம்மா. போட்டோ மாமாகிட்ட சொல்லு. இந்தக் கண்ணையும் தெரியற மாதிரி பண்ணிடுவாரு."