தின்னாத களி

என் பையில் பத்துக் கேள்வித்தாள்கள் இருந்தன. பத்திலும் ஒரு எழுத்து விழவில்லை. மகள் சென்னையில் குற்றவியல் படிக்கிறாள் என்று அம்மா லூயிசா ஆண்டர்சன்பேட்டை முழுக்கத் தம்பட்டம் அடித்ததில், பக்கத்து வீட்டு ரத்தினம்மா காணாமல் போன சேவலைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி இரண்டு முறை வந்துவிட்டாள். எனக்கு வேண்டியதோ வேறு. சுரங்கத்திலிருந்து தங்கக் கல் திருடிச் சிறைக்குப் போய் வந்த பத்துப் பேரிடம் பேசி அறிக்கை எழுதினால்தான் பட்டம். பட்டம் இருந்தால்தான் நன்னடத்தை அதிகாரி வேலைக்கு மனுப் போடலாம். விடுமுறை முடிய மூன்றே நாள். போன வீடுகளில் எல்லாம் "கொர்னேலியஸ் பொண்ணா? அவுரு வீட்ல இல்ல" என்று, நான் தேடிப்போன ஆள் உள்ளே இருமிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் அப்பா கொர்னேலியஸ், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் சோதனை போடுகிறவர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வரும் ஒவ்வொருவரும் அவர் முன்னால் இரண்டு கைகளையும் தூக்கி நிற்க வேண்டும். அக்குள், இடுப்பு, சாப்பாட்டுத் தூக்கு என்று ஒன்றையும் விடமாட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் உயிர்ச் சிநேகிதன் சம்பங்கியையே பிடித்துக் கொடுத்தவர் என்று ஊரில் பெயர். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கும் உள்ளுக்குள் அவர் மேல் கோபம் இருந்தது.

"சம்பங்கி மாமாகிட்ட போறேன்பா. அவுரு பேசுனா மத்தவங்களும் பேசுவாங்க" என்றேன். அன்று அவருக்கு வார லீவு. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சம்பங்கி மாமா குடியிருக்கும் பாலகாட் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தவர், சந்து முனைக் குழாயடியில் நின்றுவிட்டார்.

"நீ போம்மா. என்னப் பாத்தா பேசமாட்டான்."

சம்பங்கி மாமா வாசலில் யாருடைய சைக்கிளுக்கோ பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். சிறையிலிருந்து வந்த பிறகு அதுதான் பிழைப்பு. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐடாவா? குந்து. இன்னா படிக்கிறே?"

"ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவங்களுக்கு ஒத்தாச பண்ற படிப்பு மாமா."

"பன்னெண்டு வருசம் லேட்டா வந்துக்கிறே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி பயம் போனது.

குற்றத்துக்கான காரணம் என்ற கேள்விக்குக் கீழே வறுமை, கெட்ட சகவாசம், குடி என்று மூன்று கட்டங்கள் இருந்தன. வாசித்துக் காட்டினேன்.

"மூணும் இல்ல. பதினஞ்சு வருசம் வெட்னேன். கல்லுல தங்கம் எப்டி இருக்கும்னு எம் பொண்டாட்டி ஒருநாளு கேட்டா. காட்டணும்னு தோணிச்சி."

அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன். எப்படிப் பிடிபட்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. அதைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டப் போனேன். அவரே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார்.

"கேவுரு களி உருண்டைக்குள்ள கல்ல வெச்சி எடுத்தாந்தேன். எட்டு மணி நேரம் அடியில வேல செஞ்சவன் களியத் துன்னாம மேல வருவானா? அந்த அறிவு எனுக்கில்ல. உங்கப்பன் சாப்பாட்டுத் தூக்கத் தொறந்தான். மூஞ்சி மாறிடுச்சி. 'ஏன்டா துன்னல? ஒடம்பு சரியில்லியா?'ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தான். அப்பால எனுக்கு ஊட்றதுக்குக் களியப் புட்டான். கல்லு கீழ வுழுந்துச்சி. பக்கத்துல ஆபீசரு நின்னுனு இருந்தாரு."

"இத ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"மொதல்ல கோவம். அப்பால வெக்கம். அவன் வருவான்னு நானு, நான் வருவேன்னு அவனு. எங்க அவன்?"

"குழாயடியில."

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தார். கேள்வித்தாளோடு பின்னால் ஓடினேன். அவர் வருவதைக் கண்ட அப்பா சைக்கிளின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டடி தள்ளி நின்ற சம்பங்கி மாமா, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். பழக்கதோஷத்தில் அவர் கைகள் அக்குளுக்குப் போயின, இடுப்புக்கு இறங்கின. பிறகு வலது கை மெல்ல மேலே ஏறி, சம்பங்கி மாமாவின் நெற்றியில் போய் நின்றது.

"சாப்டியாடா?" என்றார் அப்பா.

"இன்னும் துன்னலடா" என்ற சம்பங்கி மாமா, தூக்கிய கைகளை இறக்கவே இல்லை.