பூதம் வெளியே காவல் நின்றது

அந்த வீட்டில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: புத்தகத்தை முடிக்காமல் படம் கிடையாது. சட்டம் போட்டவள் அம்மா. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, எறும்புத் தலை அளவுத் திருகுகளை ஃபிரேமில் மாட்டுவது அவள் வேலை. அந்தப் பொறுமை இருந்ததால்தான் ஏழு பாக மாயாஜாலக் கதையைப் பிள்ளைகளுக்கு வரி விடாமல் வாசித்துக் காட்டத் துணிந்தாள். பதின்மூன்று வயதில் அந்தக் கதைக்குள் தொபுக்கென்று விழுந்தவள் இன்னும் கரையேறவில்லை.

பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் யாராவது அந்தக் கதையைப் பற்றிப் பேச்செடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான், அவ்வளவு நேர்மை. இளையவளுக்கு எட்டு. ஒல்லி, ஆனால் கேள்வி கேட்டால் சுருக்கென்று இருக்கும். அதனால் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்றே பெயர். அம்மா வாசிப்பாள், இவர்கள் கேட்பார்கள். புத்தகங்கள் மற்ற நேரத்தில் அம்மாவின் வேலைப் பையில் இருக்கும். வேறு யாரும் அவற்றைத் தொடக்கூடாது.

இத்தனை கெடுபிடி செய்தவள்தான் தில்லுமுல்லும் செய்திருந்தாள்.

மூன்றாம் பாகம், முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓடக்காரப் பூதம் செத்துப்போகிறது. ஏழடி உயரம், தவளையைக் கண்டால் பயம், குண்டூசிக்கு அது என்றால் உயிர். இடிந்து விழும் கோட்டை வாசலைத் தோளில் தாங்கிக்கொண்டு கூட வந்த நால்வரையும் வெளியே அனுப்பிவிட்டு அது உள்ளேயே நசுங்கிப்போகிறது. அம்மா அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த வாரத்தில், எலக்ட்ரீஷியனான அப்பா ஏணியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். “யாரும் சாக மாட்டாங்கல்ல?” என்று குண்டூசி தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள். “பூதம் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது” என்று வாய் தானாக வாசித்தது.

செத்ததைப் பிழைக்க வைப்பது ஒரு வரி வேலை. அதன் பிறகு அதைக் கட்டி மேய்ப்பதுதான் பெரும்பாடு. நாலாம் பாகத்தில் நால்வரும் ஓர் அலமாரிக்குள் ஒளிந்தார்கள். ஏழடிப் பூதத்தை அதற்குள் எப்படித் திணிப்பது? பூதம் வெளியே காவல் நின்றது. சுரங்கத்துக்குள் தவழ்ந்தார்கள், பூதம் வெளியே காவல் நின்றது. ஐந்தாம் பாகத்தில் பனிமலைப் போரின்போது அதற்கு ஜலதோஷம் பிடித்ததால் கூடாரத்தில் படுத்துக்கொண்டது. அது பேச வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கங்களுக்கு நடுவே செருகி வைத்திருந்தாள். அப்பா குணமாகி வேலைக்குத் திரும்பி ஒன்றரை வருடம் ஆன பிறகும் அந்த உத்தியோகத்திலிருந்து அவளுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

இப்போது மூன்றாம் பாகம் படமாக வந்துவிட்டது. சனிக்கிழமைக்கு நாலு டிக்கெட் எடுத்தாயிற்று. திரையில் பூதம் சாகப் போகிறது, பக்கத்து நாற்காலியில் குண்டூசி உட்கார்ந்திருப்பாள்.

“டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, கிடைக்கலன்னு சொல்லிடலாமே” என்றார் அப்பா, பாத்திரத்தைத் துடைத்தபடி.

“அது இன்னொரு பொய்ங்க.”

“சின்னப் பொய்தானே?”

“இதுவும் சின்னதாத்தான் இருந்துச்சு.”

புதன்கிழமை கடையில் அம்மா ஒரே திருகை மூன்று முறை தரையில் தவறவிட்டுத் தேடினாள். பிள்ளை இனி தன் வாயிலிருந்து வரும் எதையும் நம்பாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் பயம். பயம் பாட்டுக்கு இருக்கட்டும், இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் இருவரையும் கூப்பிட்டாள். தள்ளிப்போட்டால் தைரியம் கரைந்துவிடும்.

“மூணாவது புத்தகத்துல ஒரு இடத்தை நான் மாத்திப் படிச்சுட்டேன். இப்ப உள்ளபடி படிக்கப் போறேன்.”

படித்தாள். வாசல் இடிந்தது. பூதம் தாங்கியது. நால்வர் வெளியே வந்தார்கள். பூதம் வரவில்லை. அவள் ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை.

“அதான் எப்பப் பாத்தாலும் வெளிய காவல் நின்னுச்சா?” என்றான் பெரியவன். “நான் அதை ரொம்பச் சோம்பேறின்னு நினைச்சேன்.”

குண்டூசி அழவில்லை. பையிலிருந்து நாலாம் பாகத்தை அவளே எடுத்து விரித்தாள். யாரும் தடுக்கவில்லை. துண்டுச் சீட்டு ஒன்று மடியில் விழுந்தது. அம்மாவின் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ, சும்மா கால்லதான் அடி, ஒண்ணுமில்லன்னு சொன்னியே. அதுவும் நீயா சொன்னதா?”

இந்தக் கேள்விக்கு அம்மா தயாராக வரவில்லை. சமையலறை வாசலில் அப்பா வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஆமா. நானா சொன்னதுதான். தலைலயும் அடி. பிழைப்பாரா மாட்டாரான்னு ரெண்டு நாள் டாக்டருக்கே தெரியல. எனக்குப் பயமா இருந்துச்சு. உன்கிட்ட சொல்லவும் பயமா இருந்துச்சு.”

குண்டூசி எழுந்து அப்பாவிடம் போனாள். அவரைக் குனியச் சொல்லி, தலைமுடியை விலக்கித் தழும்பைத் தேடினாள். காதுக்கு மேலே விரல் நீளத்துக்கு இருந்தது. தடவிப் பார்த்தாள். பெரியவனும் எழுந்து வந்து பார்த்தான். அதற்குள் குண்டூசிக்கு உதடு பிதுங்கி, அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூதத்துக்காகவா அப்பாவுக்காகவா என்று யாரும் கேட்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை அப்பா குனிந்தே இருந்தார்.

திரும்பி வந்தவள் புத்தகத்தில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவி அம்மாவின் கையில் கொடுத்தாள்.

“நாலாவதை மொதல்லேருந்து படி. அதுல என்ன இருக்கோ அதை மட்டும் படி.”

“சனிக்கிழமை படம்?”

“போகணும். நீ என் பக்கத்துல உக்காரு. கண்ணைப் பொத்தக் கூடாது.”

அம்மா முதல் பக்கத்தைத் திருப்பினாள். தன் சொந்தச் சரக்கைச் சேர்க்காமல் அந்தப் பக்கத்தை அவள் பிள்ளைகளுக்கு வாசித்ததே இல்லை.

“விடிந்தபோது ஓடத்தில் நால்வர் இருந்தார்கள். துடுப்பை யார் எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில், எல்லாரிலும் சின்னவள் எழுந்து எடுத்துக்கொண்டாள்.”

அதற்கு மேல் எழுத்துத் தெரியாமல் கண்ணீர் மறைத்தது. குண்டூசி அவள் தோளில் இடித்தாள்.

“நிறுத்தாதம்மா, படி.”