ஸ்ரீகண்டனின் இடுப்பில் இருந்த டயல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. உடைந்துபோன டேபிள் ஃபேன் குமிழுக்கு மாற்று கிடைக்குமா என்று கேட்கத்தான் மைசூர் ஹெப்பாளில் இருக்கும் ஹம்ஸாவின் ஷெட்டுக்குப் போனேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. "யார் மேலே இவ்வளவு கோபம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அன்று அவள் கொட்டியதை இன்றுவரை என்னால் ஒழுங்காக ஒரு கதையாக்க முடியவில்லை. குமிழும் வந்து சேரவில்லை.

முதல் ஆரம்பம்: 'சாமுண்டி மலையில் மேகம் இறங்கியிருந்த அந்த மாலையில்'

வேண்டாம். மைசூரைப் பற்றி எதை எழுத உட்கார்ந்தாலும் அந்த மலை முதல் வரியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாவது: 'ரேடியம் என்ற தனிமத்தின் அரை ஆயுள்'

பாடப் புத்தகம். மூடு.

மூன்றாவது: 'ஹம்ஸா பொய்ச் சாமான் செய்கிறவள்.'

இது தேவலை.

2

ஹம்ஸா பொய்ச் சாமான் செய்கிறவள். அந்தக் காலத்து விண்வெளி நாடகங்களிலும் படங்களிலும் வந்த கதிர்த் துப்பாக்கி, ஹெல்மெட், விளக்குகள் மினுக்கும் பெட்டி இவற்றையெல்லாம் அச்சு அசலாகத் திரும்பக் கட்டிப் பார்க்கிற பைத்தியங்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவற்றை அன்று செய்தவர்கள் காயலான் கடையில் அகப்பட்டதை எடுத்து ஒட்டினார்கள். பாதரச சுவிட்ச், அஸ்பெஸ்டாஸ் துணி, ரேடியம் பூசிய டயல், எதையும் விடவில்லை. ஹம்ஸா அதே உருவத்தை, அதே கீறலோடும் துருவோடும், விஷம் மட்டும் இல்லாமல் ரெசினில் வார்த்துத் தருவாள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நக்கினால்கூட ஒன்றும் ஆகாது என்பது அவள் தரும் உத்தரவாதம்.

(அவளுக்குக் கணவன் இல்லையா என்று கேட்கும் வாசகருக்கு: இருக்கிறார். நல்லவர். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.)

ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் அவள் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்காத ஒரே ஆள் அவளுடைய சித்தப்பா.

3

ஸ்ரீகண்டன், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இவரை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் பிரதியில் வெறும் முரட்டுக் கிழவராக வந்தார். இரண்டாவதில் அப்பாவியாக வந்தார். இரண்டும் பொய். அவர் பிடிவாதக்காரர், ஆனால் அவர் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றைத்தான்.

இளவயதில் ரயில்வே காலனி தசரா விழாவில் 'செவ்வாய் ஜங்ஷன்' என்று ஒரு நாடகம் போட்டார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு ஸ்டேஷன் மாஸ்டரை மாற்றிவிடுகிறார்கள் என்பது கதை.* அதில் கேப்டனாக நடித்தவர் ஸ்ரீகண்டன். இடுப்புப் பட்டையை அவரே கட்டினார், நடுவில் பழைய கருவி ஒன்றின் டயலைப் பதித்து. மேடையில் விளக்கை அணைத்ததும் அந்த எண்கள் பச்சையாக ஒளிர்ந்தன. காலனியே எழுந்து நின்று கை தட்டியது. அதற்கப்புறம் அவருக்கு யாரும் கை தட்டவில்லை.

* நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் எழுதியிருக்கலாம்.

இந்த வருஷம் அவருடைய அடுக்ககத்தில் விஜயதசமி விழா. கேப்டன் ஒரு காட்சி நடிக்க வேண்டும், முடிந்ததும் குழந்தைகள் வரிசையாக வந்து பட்டையைக் கட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று சங்கத்தார் அறிவித்துவிட்டார்கள். ஸ்ரீகண்டன் பட்டையை எடுத்துக்கொண்டு ஹம்ஸாவிடம் வந்தார், வாரை மட்டும் மாற்றித் தரச் சொல்லி.

டயலில் கண்ணாடி இல்லை. எண்கள் பழுப்பேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தன. ஹம்ஸா கதிரியக்கம் அளக்கும் தன் கருவியை அருகில் கொண்டுபோனாள். அது மழையில் தகரக் கூரை மாதிரி சடசடத்தது.

"சித்தப்பா, இதைத் தொடாதீங்கோ."

"அதுதான் இப்போ ஒளிர்றதே இல்லையேடி. எப்பவோ செத்துப் போச்சு."

"ஒளிர்ற பூச்சுதான் செத்துப் போச்சு. ரேடியம் சாகலை. நாம எல்லாரும் போனப்புறமும் அது இருக்கும்."

"நாற்பத்தஞ்சு வருஷமா என்கிட்ட இருக்கு. நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"நீங்க கல்லு. வரிசைல நிக்கப்போறது குழந்தைகள். தூள் கைல ஒட்டும். அந்தக் கையாலேயே சிப்ஸ் தின்னும்."

வழக்கமாக அசலின் மேல் சிலிக்கோனை ஊற்றி அச்சு எடுப்பாள். இதில் அப்படிச் செய்தால் உதிர்கிற தூளெல்லாம் அச்சோடு வரும். அதனால் டயலைக் கழற்றி, தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடி, வெளியிலிருந்து அளவெடுத்து, ஒவ்வொரு எண்ணையும் கையால் வரைந்து மாற்று டயலைச் செய்தாள். அதைப் பட்டையில் பொருத்திச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினாள். அசலை ஒரு டப்பாவில் வைத்துத் திருகி, சுற்றிலும் டேப் ஒட்டினாள். கதிரியக்கக் கழிவை எடுத்துப்போகிறவர்களிடம் முறைப்படி ஒப்படைக்க எழுதியும் போட்டாள். எடுத்துப்போகும் வரை அந்த டப்பா அவள் ஷெட்டில்தான் இருந்திருக்க வேண்டும்.

இருக்கவில்லை. இங்கேதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

4

மறுநாள் ஆயுத பூஜை. ஸ்ரீகண்டன் வீட்டில் ஸ்கூட்டர், மிக்ஸி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றோடும் அந்தப் பட்டைக்கும் வருஷா வருஷம் பூஜை உண்டு. "ஒரு நாள் குடு. உன் பொம்மைக்கா நான் குங்குமம் வெப்பேன்?" என்று போனில் கேட்டார். எத்தனையோ கம்பெனிகளுக்கு முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவள், ஆயுத பூஜை என்றதும் இறங்கிவந்தாள். டப்பாவைத் திறக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தாள்.

சத்தியம் செய்தவர் சித்தப்பா. திறந்தவள் சித்தி.

(வாலாம்பாளை இதற்கு முன்பே அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும். தெரியும். அந்த அம்மாளை எந்தப் பத்தியில் வைத்தாலும் அந்தப் பத்தி அவர் சொன்னபடி நடக்க ஆரம்பித்துவிடுகிறது.)

"ஏன் சித்தி தொறந்தே? அவ்வளவு டேப் ஒட்டியிருந்தேனே!"

"டப்பாவுக்கா பூஜை பண்ணுவா? சாமானுக்குத்தானே பண்ணுவா? கத்தியால கிழிச்சேன், டயல் மேல சந்தனம் இட்டேன், குங்குமம் வெச்சேன். ஆய்த்து. இதுக்குப் போய்க் கத்தறே."

இட்டது வலது மோதிர விரலால். அதே விரலால் நெற்றியிலும் இட்டுக்கொண்டிருந்தாள். ஹம்ஸா சித்தியைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், நெற்றியைத் துடைத்தாள், மறுபடியும் தேய்த்தாள். நகத்தடிவரை சுரண்டியபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஸும்னே இரு, போதும் விடு, தோல் உரியறது" என்று வாலாம்பாள் திட்டினாள்.

கூடத்துக்குத் திரும்பிவந்து பார்த்தால் டப்பா காலி. பட்டையும் இல்லை. சித்தப்பாவும் இல்லை. கீழே விழா ஆரம்பித்திருந்தது.

(விழா விஜயதசமியன்று அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். வாலாம்பாள் செய்த காரியம் விஜயதசமி சாயங்காலம், டப்பாவைத் திரும்ப வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் ஹம்ஸாவுக்குத் தெரியவந்தது. அதுவரை சித்தி கைகூடக் கழுவவில்லையா என்றால், கழுவினாள், சமையலும் செய்தாள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

5

அடுக்ககத்தின் ஜெனரேட்டர் அறைதான் ஒப்பனை அறை. ஸ்ரீகண்டன் வெள்ளிக் காகிதம் ஒட்டிய கோட்டும் பட்டையுமாக நின்றிருந்தார். டயலில் குங்குமம் இருந்தது. ஹம்ஸா கருவியை நீட்டினாள். சடசடத்தது.

"அசலைப் போட்டுண்டு வந்திருக்கேள்."

"ஆமாம்."

"நான் செஞ்சதுல என்ன குறை? சொல்லுங்கோ."

"ஒரு குறையும் இல்லை. அதுதான்டி கஷ்டம்." அவர் டயலை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "எனக்கே வித்தியாசம் தெரியலை. அதைக் கட்டிண்டு கண்ணாடில பார்த்தேன். வேஷம் போட்ட எவனோ நிக்கறான். இதுதான் அன்னிக்கு என் இடுப்புல இருந்தது. நீ செஞ்சதைக் கட்டிண்டு போனா, நான் யாரு?"

வெளியே மைக்கில், "ஈக நம்ம கேப்டன், ஸ்ரீகண்டன் ஸார்!" என்று கன்னடத்தில் கூப்பிட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் குழந்தைகள் இப்போதே வரிசை கட்டியிருந்தார்கள். ஹம்ஸாவின் கையில், அவர் பட்டையிலிருந்து கழற்றிக் கூடத்தில் போட்டுவிட்டு வந்த ரெசின் டயல் இருந்தது. எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது.

6

இனி முடிவு.

முடிவு அ: விளக்கு அணைகிறது. ஹம்ஸா ரகசியமாகப் பூசியிருந்த பாதுகாப்பான பூச்சில் ரெசின் டயல் பச்சையாக ஒளிர்கிறது. கிழவர் கண் கலங்கி அதை வாங்கிக்

இல்லை. கண்ணீரைப் பிழிய நான் என்ன ஈரத்துணியா வைத்திருக்கிறேன்? அவள் அப்படிப் பூசவும் இல்லை. இருப்பதுபோலவே செய்வது அவள் தொழில்.

முடிவு ஆ: ஹம்ஸா மைக்கைப் பிடுங்கி எல்லாரிடமும் சொல்லிவிடுகிறாள். கூட்டம் கலைகிறது. ஸ்ரீகண்டன் வெள்ளிக் காகிதக் கோட்டோடு தனியாக லிஃப்டில் மேலே போகிறார். நியாயமான முடிவு. எழுதிவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு இ: அவர் அசலோடு நடிக்கட்டும், கை தட்டல் வாங்கட்டும். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. ஆனால் எழுத எழுத ஒன்றைக் கவனித்தேன். முதல் பிரதியில் அந்த வரிசை மேடையிலிருந்து கேட் வரை இருந்தது. அடுத்ததில் பாதியாகிவிட்டது. அதற்கடுத்ததில் இரண்டு பெரிய பையன்கள் மட்டும் நின்றார்கள், அவர்களும் கையுறை போட்டிருந்தார்கள். மைசூரில், தசராவில், கையுறை! கிழவரை ஜெயிக்கவைக்க நான் குழந்தைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். எல்லாரையும் பழையபடி வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினேன். அதோடு பேனா நின்றுவிட்டது.

நடந்தது என்ன என்று ஹம்ஸாவுக்குத் தெரியும். கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். எனக்கும் இனி பொறுமை இல்லை. ஸ்ரீகண்டன் ஜெனரேட்டர் அறை வாசலில் நிற்கிறார், கை டயல் மேல் இருக்கிறது, மைக்கில் இன்னொரு முறை கூப்பிடுகிறார்கள். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவர்மேல் இரக்கம் காட்டுங்கள், காட்டாமல் போங்கள், உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் செய்யுங்கள். எழுத உட்காரும் முன் உங்கள் வீட்டுக் குழந்தையை அந்த வரிசையில் முதலாவதாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.