ஒரே மாதிரிப் படங்கள்

விறாந்தையில் நாங்கள் நான்கு பேர். காற்றாடிக்கு நேர்கீழே, கனடாவிலிருந்து வந்திருந்த என் தம்பி நிஷாந்தன், கையில் என் போனுடன். வாசற்பக்கக் கதிரையில் என் கணவர் ஏரம்பு. நெல்மூட்டையின் மேல் மகள் யதுர்ஷிகா. நான் குசினி வாசற்படியில்.

"அக்கா, உங்கட போன் இப்ப பஞ்சு மாதிரி. வேண்டாத படமெல்லாம் அழிச்சிட்டன். குறைய வைச்சிருந்தா மனம் லேசாகும். நான் அங்க அப்பிடித்தான் வாழுறன்."

"வேண்டாதது எண்டு ஆர் சொன்னது?"

"அதுக்கொரு ஆப் இருக்கு. ஒரே மாதிரிப் படங்களிலை நல்லதொண்டை மட்டும் வைக்கும். கிணறும் வயலும், கிணறும் வயலும்... உங்களுக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?"

யதுர்ஷிகா மூட்டையிலிருந்து இறங்கிவிட்டாள்.

எங்கள் காணிக்குள் எல்லைக்கல் நாட்டிய வன இலாகாக்காரர் அது காடு, யாரும் விதைத்ததில்லை என்கிறார்கள். விசாரணை அடுத்த வாரம். போர் முடிந்து மீளக்குடியேறிய பிறகு ஒவ்வொரு விதைப்புக்கும் அறுவடைக்கும் அதே கிணற்றடியில் நின்று படம் எடுத்து வந்தேன். இடம் மாறினால் வேறு வயல் என்பார்கள். ஒரே மாதிரி இருப்பதுதான் சாட்சி.

மகள் போனை வாங்கித் தேடினாள். "குப்பைப் பெட்டியும் காலி, அம்மா. ஒரு படம்தான் மிஞ்சியிருக்கு."

"தம்பி, உனக்கும் ஒவ்வொரு போகமும் அனுப்பினனான். அதுகள் இருக்கோ?"

தம்பி காற்றாடியைப் பார்த்தான். "நான் மாதா மாதம் துப்பரவாக்கிறனான், அக்கா."

"கல்லு நாட்டினவங்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்திருக்கிறாய், மச்சான்," என்றார் ஏரம்பு.

"கோபிக்காதையுங்கோ அக்கா. நல்லதுக்குத்தான்..."

"குறைய வைச்சு வாழ எனக்குப் படிப்பிக்க வந்தனியோ? உடுத்த உடுப்போடை முகாமுக்குள்ள போனனாங்கள். அப்ப ஒருத்தற்றை மனமும் லேசாகேல்லை."

கொப்பித் தாள் கிழித்து விசாரணை அதிகாரிக்கு எழுதினேன். படங்கள் அழிந்த விதம், மிஞ்சிய படத்தின் திகதி, வயலை நேரில் வந்து பார்க்கும்படி வேண்டுகோள். வரம்பும் கிணற்றுக்கட்டும் ஒரு போகத்தில் எழும்பியவை அல்ல.

"கீழை உன்ரை பேரை எழுது."

"என்ரை பேர் எதுக்கு?"

"அழிச்சவன் நீ."

எழுதினான். "ஈமெயிலிலை போட்டால் இப்பவே போயிடும்."

"வேண்டாம். உன்ரை கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும்."

உறையை ஒட்டினேன். அவனிடம் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. சைக்கிளை நானே மிதித்து நெடுங்கேணித் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலாகக் கொடுத்தேன். முத்திரை குத்தும் சத்தம் கேட்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.