ஏழு மூச்சு அதிகம்

அந்த ஊரும் திருவனந்தபுரம்தான், மக்களே. தம்பானூரில் பஸ் இரையும், லாட்ஜ் வாசலில் ஆட்டோக்காரர்கள் ஆளுக்கு ஆள் கத்துவார்கள், கரமனைத் தெருவில் காலையில் மல்லி வறுக்கிற வாசனை வரும். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அங்கே சூரியன் இரண்டு. பெரியது மஞ்சள், அவன் மூத்தவன். நெல்லிக்காய் அளவுக்குச் சிவப்பாக ஒன்று, அவன் இளையவன். அதனால் ஆளுக்கு இரண்டு நிழல். நடக்கப் பழகுகிற குழந்தைகள் முதலில் பயந்து அழுவது அதைப் பார்த்துத்தான்.

அவர்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தாய்க்காரி பெயர் இருட்டு. ஒரு நாள் கல்லாற்றுக்கு மேலே மலையில் ஒரு மிளா மானை அடித்துப் போட்டார்கள். மூத்தவன் விறகு பொறுக்கி வருவதற்குள் இளையவன் ஈரலைத் தின்றுவிட்டான். "ஈரல் எங்கலே?" என்று கேட்டான் மூத்தவன். இளையவன் வாயைத் துடைத்தான். அவ்வளவுதான். மூத்தவன் அவன் நெஞ்சைப் பிளந்து, உள்ளே கையை விட்டுத் தேடி, அகப்பட்டதையெல்லாம் பிடுங்கி வீசினான். அந்தியில் தெற்கே கொத்தாகச் சிவந்து கிடக்கிற நட்சத்திரங்களுக்கு ஈரல் என்று பெயர் வந்தது அப்படித்தான். தாய்க்காரி ஓடி வந்து இளையவனை மடியில் கிடத்தித் தைத்தாள். வானத்துக்குக் குறுக்கே வெள்ளையாகக் கோணல்மாணலாக ஓடுவது அவள் போட்ட தையல்.

அண்ணன் பங்கைத் திருடினவனுக்கு அது வேண்டியதுதான் என்பது கரமனை அக்ரஹாரத்துக் கட்சி. திருடவில்லை, பசிக்கிறது என்றதும் தாய்க்காரியே அறுத்துக் கொடுத்தாள் என்பது தெற்கே பாறசாலைப் பக்கமிருந்து வந்து குடியேறினவர்களின் கட்சி. பேசித் தீர்ந்திருந்தால் கதையே இல்லை.

மாசா மாசம் இரண்டு சூரியனும் உரசுகிற மாதிரிப் போகும், ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நேர்க்கோட்டுக்கு வந்து, இளையவன் மூத்தவனின் முதுகுக்குப் பின்னால் முழுசாக மறைவான். அண்ணன் தம்பி நெஞ்சைப் பிளந்ததை வைத்து அதற்குப் பிளப்பு என்று பெயர். அந்தக் கொஞ்ச நேரம் எல்லாருக்கும் ஒரே நிழல். அந்த ஒரே நிழலில் இரண்டு கட்சியும் கரமனை ஆற்றுமணலில் இறங்கி, நுனி சீவின கமுகுத் தடியால் அடித்துக்கொள்ளும். அதற்குள் எவன் செத்தாலும் கேஸ் கிடையாது. நிழல் பிரிந்த பிறகு விழுகிற அடி கொலை. ஆயுசுக்கும் ஜெயில்.

ஆரம்பமும் முடிவும் சொல்லிக் கொம்பு ஊதுகிறவள் அம்மிணி. படித்துறைக்கு மேலே சுண்ணாம்பு பூசின மேடை, நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் நிழல் மயிரிழை பிரிந்தாலும் அந்த வெள்ளையில் தெரியும். மணலில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறவன் தன் நிழலையா பார்ப்பான்? அவனுக்குக் கொம்புச் சத்தம்தான் நிழல். அதனால் பொய்யாகக் கொம்பு ஊதினவளுக்கு ஒரே தண்டனைதான். புகையேற்றின கண்ணாடி இல்லாமல், கண் அணைகிற வரைக்கும் மூத்தவனைப் பார்த்து நிற்க வேண்டும்.

போன பிளப்பில் அம்மிணி பொய்யாக ஊதினாள், மக்களே.

கம்பியின் நிழல் பிரிந்ததை அவள் பார்த்தாள். கொம்பு உதட்டில் இருந்தது. கீழே அவள் கூடப் பிறந்த தம்பி நேசையன், பாறசாலைக் கட்சிக்காரன், ஆட்டோவுக்குப் பாட்டரி மாற்றிக் கொடுக்கிறவன், அக்ரஹாரத்துப் பட்டாபியை மண்டியிட வைத்துத் தடியை ஓங்கியிருந்தான். ஊதினாலும் அந்தக் கை நிற்காது. தம்பியின் கோபம் அவளுக்குத் தெரியும். ஊதின பிறகு அடி விழுந்தால் அவன் கொலைகாரன். அவள் ஊதவில்லை. ஏழு மூச்சு விட்டாள். நாலு அடி விழுந்தது. பட்டாபியின் தலை வெட்டின இளநீர் மாதிரித் திறந்துகொண்டது. அப்புறம்தான் கொம்பு கேட்டது.

பாலத்தில் நின்றவர்கள் கையில் செல்போன் இருந்த முதல் பிளப்பு அது. யாரோ கொம்புக்குக் கொம்பு கணக்குப் பார்த்துப் பதினொரு நிமிஷம் நாற்பது விநாடி என்று போட்டார்கள். அது காலண்டரில் ஏறி, கோயில் பலகையிலும் ஏறிவிட்டது. பதினொரு நிமிஷம் பத்து விநாடிதான் என்பது ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

இப்போது மறுபடி பிளப்பு. காலை பதினொன்றரை. அம்மிணி புகையேற்றின கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சிவப்பு நெல்லிக்காய் மஞ்சளுக்குப் பின்னால் போயிற்று. ஊதினாள். ஊதி முடித்த கொஞ்ச நேரத்தில் சங்குமுகம் பக்கமிருந்து கருமேகம் ஏறி, ஒருத்தருக்கும் நிழலே இல்லாமல் போனது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக நேசையனிடம் வந்தான் ஸ்ரீகண்டன். பட்டாபியின் தம்பி. பெங்களூர் ஆபீஸில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

"ஓய் பாட்டரி! சார்ஜ் இருக்கா?"

"வாடே. உங்க அண்ணனுக்குக் குடுத்த ஷாக்குல மிச்சம் வச்சிருக்கேன்."

முதல் அடி நேசையனுடையது. ஸ்ரீகண்டனின் காது கிழிந்து தொங்கியது. அவன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து தடியை முழங்கால் உயரத்தில் வீசினான். முறிந்த சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. விழுந்த நேசையனின் தாடையில் அடுத்தது. பல் மூன்று மணலில் தெறித்தது. பக்கத்தில் ஒருத்தன் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கமாக நடந்தான். ஆறு கரையோரம் சிவந்து போனது.

படித்துறையில் நடுவர் தாணுமாலயன் செல்போனைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பத்து நிமிஷம் ஆச்சு!"

ஸ்ரீகண்டனுக்கு அவசரமில்லை. ஒவ்வொரு அடிக்கும் இடம் பார்த்தான். தோள். விலா. இடது கை விரல்கள். தலையைக் கடைசிக்கு வைத்திருந்தான், அண்ணனுக்கு நடந்தபடியே நடக்க வேண்டும் என்று.

அம்மிணி மூச்சை எண்ணினாள். பதினொரு நிமிஷம் பத்து விநாடி. மேகத்துக்குப் பின்னால் இளையவன் வெளியே வந்துவிட்டான், அவளுக்குத் தெரியும். ஊதினாள்.

ஒரு கையும் நிற்கவில்லை.

"என்ன அம்மிணி, நேரம் இருக்கே!" தாணுமாலயன் போனைத் தூக்கிக் காட்டினார். "முப்பது விநாடி பாக்கி!"

"தம்பியைக் காப்பாத்தப் பொய் ஊதுறா!" என்று பாலத்திலிருந்து ஒருத்தன் கத்தினான். அவள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்ததை இன்றைக்குச் செய்ததாகச் சொல்கிறான், பாருங்கள்.

அம்மிணி கொம்பைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். யாருடைய தடியோ முதுகில் இறங்கியது. விழுந்தாள், எழுந்தாள். ஸ்ரீகண்டன் இரண்டு கையாலும் தடியை ஓங்கியிருந்தான்.

"நிறுத்துலே! நேரம் முடிஞ்சாச்சு!"

"இன்னும் இருக்கு அக்கா, தள்ளுங்கோ."

"இல்ல! அந்தக் கணக்கு தப்பு. போன தடவை நான் லேட்டா ஊதினேன். ஏழு மூச்சு. நிழல் பிரிஞ்ச பெறவுதான் உங்க அண்ணன் செத்தான். இவன் கொன்னான். நான் கொல்ல விட்டேன்."

தடி மேலேயே நின்றது.

"சத்தியமா?"

"கண்ணு மேல சத்தியம். இப்ப அடிச்சியானா நீயும் இவனும் ஒண்ணு."

கீழே கிடந்தவனின் தலை ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பலகைக் கணக்குப்படி அவனுக்கு இன்னும் ஐந்து விநாடி இருந்தது. அவள் பொய் சொல்கிறாள் என்று நினைக்க ஆசைப்பட்டான். ஆனால் தம்பிக்காகப் பொய் சொல்கிறவள் தன் கண்ணையும் தம்பியின் ஆயுசையும் சேர்த்தா கொடுப்பாள்? அவன் அலறிக்கொண்டே தடியை மணலில் குத்தினான். நேசையனின் காதோரம் அது முழமளவுக்கு இறங்கி ஒடிந்தது.

"எக்கா," என்றான் நேசையன், உடைந்த தாடையோடு. "என்னத்துக்குக்கா சொன்னே? செத்திருப்பேன்லா, அது போதுமே."

"ஜெயில்ல கெட. உசிரோட கெட." அவன் வாய் ரத்தத்தை அவள் முந்தானையால் துடைத்தாள். "மாசம் ஒரு தடவை வந்து உன் சத்தத்தையாவது கேப்பேன்."

மேகம் விலகியது. மணலில் நின்றவன், விழுந்தவன், செத்தவன் எல்லாருக்கும் இரண்டு நிழல், நடுவில் விரல் அகலத்துக்கு வெளிச்சம். இப்போதுதான் பிரிந்ததென்றால் மயிரிழைதான் இருக்கும், தாணுமாலயனும் அதைப் பார்த்தார். அவர் போனை மடியில் சொருகிவிட்டுக் கையை நீட்டினார். அம்மிணி கழுத்தில் தொங்கின கண்ணாடியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மேடை ஏறும் முன்னால் ஒரு தடவை தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். வீங்கி அடையாளமே தெரியவில்லை, இருந்தாலும் பார்த்தாள். பிறகு கழுத்தை நிமிர்த்தினாள்.

ஏழு மூச்சில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. மஞ்சள் வெள்ளையாயிற்று, வெள்ளை முள்ளாயிற்று, முள் கண்ணுக்குள் இறங்கி மண்டையின் பின்பக்கம் வரைக்கும் கிழித்தது. அவள் இமையை மூடவில்லை. கடைசியில் தாய்க்காரிதான் வந்தாள், மக்களே, எல்லாப் பக்கமும் கறுப்பாக.

கால் தடுமாறியது. யாரோ தோளைத் தாங்கினார்கள். ரத்தம் பிசுபிசுத்த கை, கமுகுச் சிராய் ஏறின விரல்கள்.

"படி இருக்கு அக்கா," என்றான் ஸ்ரீகண்டன். "எட்டுப் படி. நான் எண்ணறேன், மெல்ல வாங்கோ."